காம்பராவை அல்ல, குடும்பத்தை எண்ணுவோம்

(தோட்டத் தலைவர்களுக்கான பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீட்டுத் திட்டம் என்றதும் "எங்கள் தோட்டத்துக்கு எத்தனை வீடு?" என்று கேட்கிறோம். அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: எத்தனை வீடு தேவை என்று எப்படி எண்ணினார்கள்?

காம்பராவை எண்ணினால், இஸ்தோப்பை அடைத்துக் குடியிருக்கும் மகனும் மருமகளும் விடுபடுவார்கள். செக்ரோலை எண்ணினால், வேலையிலிருந்து நின்ற பெரியவர்களும் கொழும்பில் கடை வேலை செய்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் பிள்ளைகளும் விடுபடுவார்கள். சனத்தொகைக் கணக்கெடுப்பிலோ ஒன்றாகச் சமைத்து உண்பவர்கள் ஒரே குடித்தனம். இடமில்லாமல் ஒரே அடுப்பில் சமைக்கும் இரண்டு குடும்பங்கள் அதில் ஒன்றாகிவிடும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு லயத்தில் 12 காம்பரா. அவற்றில் ஐந்தில் கல்யாணமான பிள்ளைகளும் சேர்ந்து இருக்கிறார்கள். அப்படியானால் குடும்பம் 17. காம்பராக் கணக்கில் 12 வீடு கட்டினால், மீதி ஐந்து குடும்பம் எங்கே போகும்? அதே லயத்தில்தான் இருக்கும். வீடு கட்டியும் லயம் ஒழியாது.

காணிக் கணக்கும் இதனோடு போகிறது. வீட்டுக்கு 7 பேர்ச் வீதம் 12 வீட்டுக்கு 84 பேர்ச். 17 வீட்டுக்கு 119 பேர்ச். பாதைக்கும் கானுக்கும் தனியாக வேண்டும். இந்த 35 பேர்ச்சைத் தொடக்கத்திலேயே கேட்காவிட்டால் பிறகு கேட்பது கடினம்.

யாருக்கு முதலில்? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. மண்சரிவு அபாயம் உள்ள லயங்கள் பட்டியலில் முதலில் வரவேண்டும். புதிய காணியையும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்த பிறகே ஏற்க வேண்டும்.

கடன் என்றால் இன்னொரு கணக்கு. கொழுந்து நிறைந்த மாதச் சம்பளத்தை வைத்துத் தவணை போடக்கூடாது. வேலை குறைந்த மாதத்தில், அரிசி, மா, பிள்ளைகளின் படிப்புச் செலவு போக என்ன மிஞ்சுகிறதோ, அதுதான் நம்மால் கட்டக்கூடிய தவணை.

பிரதேச சபை தோட்டங்களுக்குச் செலவு செய்யச் சட்டம் இடம் தரவில்லை என்று நெடுங்காலம் சொன்னார்கள். 2018இல் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டது. அந்தத் தடை இப்போது இல்லை. சபை திட்டம் போடும்போது நமது கணக்கு அந்த மேசையில் இருக்க வேண்டும்.

ஆகவே, ஒவ்வொரு தலைவரும் ஒரு கொப்பி எடுங்கள். லயம் லயமாகப் போங்கள். காம்பரா எத்தனை, குடும்பம் எத்தனை, கல்யாண வயதில் எத்தனை பேர், முதியோர், நடக்க முடியாதோர், கூரையும் சுவரும் எப்படி, பின்னால் மண்மேடு உண்டா என்று எழுதுங்கள். மாதர் தலைவிமார் கூடவே போகவேண்டும். ஒரு காம்பராவில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்பதைப் பெண்கள்தான் சரியாகச் சொல்வார்கள். எழுதியதைப் பிரட்டுக்களத்தில் எல்லோர் முன்னிலையிலும் வாசியுங்கள். விடுபட்ட பெயர் அங்கேயே தெரியவரும். எந்தச் சங்கத்துக்குச் சந்தா கொடுக்கிறார் என்று பார்த்து எவரையும் விடவேண்டாம்.

பிறகு ஒரு பிரதி கிராம உத்தியோகத்தருக்கு, ஒன்று பிரதேச சபைக்கு, ஒன்று சங்கக் காரியாலயத்துக்கு.

பட்டியலில் இல்லாத குடும்பத்துக்கு வீடு வராது. அந்தப் பட்டியலை நாமே எழுதுவோம்.