கழுத்தில் இருந்த இடைவெளி

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

என்னைப் பேச அழைத்தபோது, “உங்க பள்ளிப் பிள்ளைங்க ராக்கெட் விட்டாங்களாமே, அதைப் பத்திச் சொல்லுங்க” என்றார்கள். சொல்கிறேன். ஆனால் அந்த ராக்கெட் முதல் தடவை நல்லபடியாகப் பறக்கவில்லை. அது ஏன் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அது பொம்மை ராக்கெட் அல்ல, அளவு மாதிரி. உண்மையிலேயே பறந்த ஒரு ராக்கெட்டின் ஒவ்வோர் அளவையும் ஒரே விகிதத்தில் சுருக்கி, அதே வடிவம், அதே நிறம், அதே எழுத்துகளோடு செய்து, அதைப் பறக்கவும் விட வேண்டும். போட்டியில் இரண்டு கட்டம் உண்டு. முதலில் மேசைமேல் வைத்து நடுவர்கள் அளவுகோலோடு பார்ப்பார்கள். மூல ராக்கெட்டின் வரைபடம், படங்கள், அளவுகள் எல்லாவற்றையும் நாமே திரட்டிக் கோப்பாகக் கொடுக்க வேண்டும். அடுத்து பறக்க விட வேண்டும். மேசையில் எவ்வளவு அழகாக இருந்தாலும், பாதுகாப்பாகப் பறந்து இறங்கவில்லை என்றால் மதிப்பெண் கிடையாது.

நாங்கள் எடுத்தது நைக்கி-அப்பாச்சி. 1963 நவம்பர் 21 அன்று மாலை தும்பாவிலிருந்து கிளம்பிய, நம் நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட். அமெரிக்காவில் செய்தது. அது மேலே போய்ச் சோடிய ஆவியை வெளியேற்றியது. அந்தி வெளிச்சத்தில் ஆரஞ்சு நிற மேகம் வானில் பரவியது. காந்த நடுக்கோடு அருகில் செல்வதால்தான் தும்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று வகுப்பில் சொன்னேன். பிள்ளைகளுக்கு அதைவிடப் பிடித்தது வேறொரு செய்தி. தேவாலயக் கட்டடத்தில் வைத்துப் பூட்டிய ராக்கெட்டை ஏவுதளத்தில் தூக்கி வைக்கும் நேரத்தில் பளுதூக்கியின் எண்ணெய் கசிந்துவிட, ஆட்கள் சேர்ந்து கையாலேயே தூக்கி வைத்தார்கள் என்று அப்துல் கலாம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் எழுதியிருக்கிறார். “நம்ம ஊர்ல தேர் தூக்குற மாதிரியா சார்?” என்று கேட்டான் ஒருவன். ஏறக்குறைய அப்படித்தான்!

மூல ராக்கெட்டின் நீளம் சுமார் 8.3 மீட்டர். கீழே நைக்கி, குறுக்களவு 42 செ.மீ.; மேலே அப்பாச்சி, 16.5 செ.மீ. பத்தில் ஒன்றாகச் சுருக்கினால் 83 செ.மீ. உயரம், 42 மில்லிமீட்டர், 16.5 மில்லிமீட்டர். ஆறாம் வகுப்பில் விகிதம் நடத்தும்போது “ஒரு பேனாவின் விலை ரூபாய் ஐந்து எனில்” என்று தொடங்கி நாமே அலுத்துப் போகிறோம். இங்கே ஒரு மில்லிமீட்டர் தவறினால் மூல ராக்கெட்டில் ஒரு செ.மீ. தவறு என்று ஒரு பிள்ளை தானே கண்டுபிடித்துச் சொன்னாள். அவள்தான் இந்தக் கதையின் நாயகி. அப்போது ஒன்பதாம் வகுப்பு. பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

பெட்டியில் வந்தவை அட்டைக் குழாய்கள், பால்சா மரத் தகடு, பிளாஸ்டிக் மூக்கு, சின்ன பாராசூட், அதைக் கட்டும் ரப்பர் நாடா. மோட்டார் மட்டும் பெட்டியில் இல்லை. மோட்டாருக்குள் இருப்பது கருமருந்து. வாங்குவது, வைத்திருப்பது, அனுமதி பெறுவது எல்லாம் போட்டியை நடத்திய பொறியியல் கல்லூரியின் பொறுப்பு. ஏவும் நாளில் ஏவும் இடத்தில்தான் கையில் தருவார்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தக் கலை பிறந்த கதையே அதில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஆர்வில் கார்லைல் என்ற செருப்புக்கடைக்காரர் 1954-இல் முதல் மாதிரி ராக்கெட்டைச் செய்தார். 1957-இல் ஸ்புட்னிக் பறந்ததும் அந்நாட்டுப் பிள்ளைகள் வீட்டுக் கொட்டகையில் தாங்களே மருந்து கலந்து கையைப் பொசுக்கிக்கொண்டார்கள். தொழிற்சாலையில் செய்த, ஒரே ஒருமுறை எரியும் மோட்டாரை வைத்து, காகிதமும் மரமும் கொண்டு விடலாம் என்ற வழி அவர்களுக்குக் கிடைத்த பிறகே இது பள்ளிக்கு வந்தது. ஆகவே நம் வகுப்பில் மருந்து கலக்கும் பேச்சே கூடாது. தீபாவளி வெடியைப் பிரித்துக் கொட்டும் பையன் எல்லாப் பள்ளியிலும் ஒருவன் இருக்கிறான், உங்களுக்குத் தெரியும்.

மோட்டாரின் மேல் ‘டி12-3’ என்று எழுதியிருந்தது. டி என்றால் மொத்தக் கணத்தாக்கு 20 நியூட்டன் வினாடி வரை. ‘ஏ’ 2.5 வரை, ‘பி’ 5, ‘சி’ 10 என்று எழுத்துக்கு எழுத்து இரட்டிக்கும். 12 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். 3 என்பது, எரிந்து முடிந்தபின் எத்தனை வினாடி கழித்து முன்பக்கமாக ஒரு சிறு வெடிப்பு நடக்கும் என்பது. அந்த வெடிப்பின் அழுத்தம்தான் குழாயின் மேல்பகுதியைத் தள்ளிக் கழற்றி, பாராசூட்டை வெளியே எறியும். இந்தக் கடைசி வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இதெல்லாம் நமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். உறிஞ்சுகுழலின்மேல் ஒரு துண்டுத் தாளை உருட்டி, ஒரு முனையை மூடி ஒட்டி, ஊதி விடச் சொல்லுங்கள். தலைகீழாகச் சுழன்று விழும். மூக்கில் கொஞ்சம் களிமண், வாலில் மூன்று தாள் இறக்கை வைத்தால் நேராகப் போகும். களிமண்ணை வாலுக்கு மாற்றினால் மறுபடியும் குட்டிக்கரணம். எடையின் மையம் முன்னாலும், காற்று அழுத்தும் மையம் அதற்குப் பின்னாலும் இருக்க வேண்டும் என்ற பாடம் அவ்வளவுதான். எங்கள் 83 செ.மீ. ராக்கெட்டையும், மோட்டாரின் எடைக்கு ஈடாகக் களிமண் வைத்து, ஈர்ப்பு மையத்தில் நூல் கட்டி மைதானத்தில் தலைக்கு மேல் சுழற்றித்தான் சோதித்தோம். மூக்கு முன்னோக்கியே போனது.

இனி என் தவறுக்கு வருகிறேன்.

எங்கள் மாதிரி பிரிவது நைக்கியும் அப்பாச்சியும் சேரும் கழுத்துப் பகுதியில். அந்தப் பெண் அந்த இணைப்பை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, அவளுடைய நோட்டில் இப்படி எழுதியிருந்தாள்: ‘தலைகீழாகப் பிடித்து இரண்டு முறை உதறினால் கழன்று விழுகிறது. சரி.’ தேய்த்ததால் கழுத்தைச் சுற்றி மெல்லிய இடைவெளி தெரிந்தது, ஒரு நகம் நுழையும் அளவுக்கு.

போட்டிக்கு முந்தின நாள் மாலை பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் ஆய்வகத்தில் நான் தனியாக இருந்தேன். அந்த இடைவெளி என் கண்ணை உறுத்தியது. மேசை மதிப்பீட்டில் இதற்கு மதிப்பெண் குறைப்பார்களே என்று தோன்றியது. உள்ளே ஒரு சுற்று டேப் ஒட்டினேன். மாட்டினேன். ‘டக்’கென்று உட்கார்ந்தது. மேலே வெள்ளை ஸ்பிரே ஒரு பூச்சு. இடைவெளி மறைந்துவிட்டது. மணி எட்டரை. பெருமையாக வீட்டுக்குப் போனேன்.

மேசையில் நல்ல மதிப்பெண். ஏரிக்கு அருகே காய்ந்த பொட்டல். பிள்ளைகளை நன்றாகத் தள்ளி நிறுத்தினார்கள். ஐந்திலிருந்து கீழே எண்ணினோம். ராக்கெட் கம்பியை விட்டு நேராக, மிக நேராக ஏறியது. பிள்ளைகள் கத்தினார்கள். நானும் கத்தினேன். உச்சியில் ஒரு குச்சி போலத் தெரிந்தது. பிறகு ‘டுப்’ என்று சத்தம். பாராசூட் வரவில்லை. கழுத்து திறக்காததால் அழுத்தம் தனக்கு எளிதான வழியைத் தேடிக்கொண்டது. எரிந்து முடிந்த மோட்டாரைப் பின்பக்கமாகப் பிதுக்கி வெளியே தள்ளிவிட்டது. ராக்கெட் மூக்கைக் கீழே திருப்பி, ஏறிய அதே அழகோடு இறங்கியது. மண்ணில் ஒரு சாண் ஆழம் குத்தி நின்றது. ஆள் இல்லாத பக்கம். ஆனாலும் பிள்ளைகள் நின்ற கயிற்றிலிருந்து எட்டு வைத்து எண்ணிப் பார்த்தேன். நாற்பது எட்டு. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நடுவர் உடைந்த பகுதியை எடுத்துப் பார்த்தார். கழுத்து அப்போதும் கழலவில்லை. “ஏம்மா, காலைல உதறிப் பாக்கலையா?” என்று கேட்டார். அவள் தலை குனிந்து நின்றாள். நான் முன்னால் போய், டேப் ஒட்டியது நான்தான் என்றேன். அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. விண்ணப்பப் படிவத்தைப் புரட்டினார். ‘இந்த மாதிரியை முழுவதும் நானே செய்தேன்’ என்ற வரிக்குக் கீழே அவள் கையெழுத்து இருந்தது. இந்தப் போட்டிகளின் அடிப்படை விதியே அதுதான். ஏவுகிறவரே செய்திருக்க வேண்டும். அவள் உண்மையாகப் போட்ட கையெழுத்தை நான் ஒரு சுற்று டேப்பில் பொய்யாக்கிவிட்டேன்.

திரும்பி வரும்போது வேனில் அவளிடம் கேட்டேன். “காலைல கழுத்தத் தொட்டுப் பாத்தியாம்மா?”

“பாத்தேன் சார். இறுக்கமா இருந்துச்சு.”

“ஏன் சொல்லல?”

“நீங்க செஞ்சதுன்னு தெரிஞ்சுது சார்.”

நண்பர்களே, நம் அறிவியல் கண்காட்சிகளை நினைத்துப் பாருங்கள். தெர்மாகோலை வெட்டியவர் யார், விளக்கத் தாளை எழுதியவர் யார் என்பது நடுவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். மாவட்ட அளவில் பெயர் வர வேண்டும், தலைமையாசிரியர் கேட்பார், பத்திரிகையில் படம் வரும். நமக்கும் நெருக்கடி உண்டு, இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் தவறு என்று கைக்குத் தெரிந்த பிறகும் ஒரு பிள்ளை, சார் செய்தது என்பதற்காக வாயைத் திறக்கவில்லை. அவளை அப்படிப் பழக்கியது என் வகுப்பறைதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மறு வருடம் அவள் பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு வருடம் என்பதால் வீட்டில் தயங்கினார்கள். ஞாயிறு காலை மட்டும் என்று பேசி அனுமதி வாங்கினோம். நைக்கி குழாய் தப்பியிருந்தது. அப்பாச்சியை மட்டும் சார்ட் தாளை உருட்டிப் புதிதாகச் செய்தார்கள். அவளுடைய நோட்டில் இந்த முறை ஒரு புதிய பத்தி இருந்தது. தேதி, செய்த வேலை, சோதனை, நான்காவதாக, ‘தொட்டவர்’. அதில் என் பெயர் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது: ‘மோட்டார் பொருத்தும்போது சார் உடன் இருந்தார்.’ ஏவுபெட்டியின் பாதுகாப்புச் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. எல்லாரும் தள்ளி நின்றபின் அதைக் கொடுப்பதுதான் எனக்குத் தந்த வேலை.

பாராசூட் விரிந்தது. பரிசு வரவில்லை, மேசை மதிப்பீட்டில் கழுத்துக்கு மதிப்பெண் குறைத்திருந்தார்கள். அந்த ராக்கெட் இப்போது எங்கள் ஆய்வகப் பீரோவின் மேல் நிற்கிறது. நகம் நுழையும் இடைவெளி அப்படியே இருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் பாருங்கள். தலைகீழாகப் பிடித்து உதறியும் பார்க்கலாம். ஆனால் அவளிடம் சொல்லிவிட்டு, நோட்டில் உங்கள் பெயரை எழுதிவிட்டு.