நைரோபியில் கண்டதும் கற்றதும்



நைரோபி சென்று திரும்பியிருக்கிறோம். பூமத்திய ரேகைக்கு அருகில் இருந்தும் அங்கே புழுக்கம் இல்லை. 5,000 அடிக்கு மேலான உயரம். வானளாவும் மாளிகைகளைப் பார்த்தோம். ஆனால் எங்கள் நெஞ்சில் நின்றது இரயில்வே காட்சிசாலைதான். அந்நகரமே 1899-இல் இரயில் பாதை போட்டவர்களின் முகாமாகப் பிறந்ததுதானே! அந்தப் பாதைக்காக நம் நாட்டிலிருந்து 30,000-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பஞ்சாபியர், கப்பலேறினர். ஏறத்தாழ 2,500 பேர் மாண்டனர்.

பின்னால் சென்ற வணிகர் பலர் செழித்தனர். மக்கன் சிங் வேறு வழி கண்டார். இந்தியருக்கென இருந்த தொழிற்சங்கத்தின் கதவை 1935-இல் எல்லா இனத்தாருக்கும் திறந்துவிட்டார். 1950-இல் ஆப்பிரிக்கரோடு நின்று முழு விடுதலை கேட்டார். பரிசு? 11 ஆண்டுக் காவல்!

அண்டை நாடான உகாண்டாவில் 1972-இல் இடி அமீன் 90 நாள் கெடு வைத்து ஆசியரைத் துரத்தினான். கென்யாவோ 2017-இல் அவர்களைத் தன் 44-ஆவது இனமாக ஏற்றது.

தோழர்களே, நாமும் பிழைக்க வந்த ஊரில் வாழ்பவர்கள். நம் சங்கம் நமக்காகக் குரல் கொடுக்கிறது; சரி. பக்கத்துச் சேரியில் இந்த மண்ணின் தொழிலாளி குடிநீருக்குப் போராடும்போது நாம் எங்கே நிற்கிறோம்? மக்கன் சிங் நின்ற இடத்தில் நிற்போம்.