புதிய கருவியும் பழைய பொறியும்



நம் குடியிருப்பின் இளைஞர் பலர் மென்பொருள் தொழிலில் ஈடுபட்டுள்ளனர். அத்தொழிலில் அடிக்கடி எழும் சிக்கலொன்றை இன்று ஆராயப் புகுகிறோம். நிரல் எழுதுவோர் புதிய கருவிகளை விரும்புவர். அந்நிரலை இயக்கும் அலுவலகங்களோ பழைய பொறிகளை எளிதில் மாற்றா. இவ்விரண்டையும் இசைவிப்பது எங்ஙனம்?

ஜாவா மொழியைச் சான்றாகக் கொள்வோம். அதன் கம்பைலர், நாம் எழுதுவதைக் 'கிளாஸ்' கோப்பாக மாற்றி, அதில் ஒரு பதிப்பெண்ணைப் பொறிக்கிறது. 2014-இல் வெளிவந்த ஜாவா 8-க்கு அவ்வெண் 52. 2021-இல் வந்த ஜாவா 17-க்கு 61. தனக்கு மிஞ்சிய எண்ணைக் கண்டால் பழைய ஜாவா அக்கோப்பை ஏற்க மறுக்கும். இம்மறுப்பு நன்மையே, குறை வாசலிலேயே வெளிப்பட்டுவிடுகிறது.

எண்ணை 52 ஆக்கினால் போதுமோ எனின், போதாது. 'சோர்ஸ்', 'டார்கெட்' என்னும் கட்டளைகள் இலக்கணத்தையும் எண்ணையும் மட்டுமே பழையனவாக்கும். நூலகத்தைக் கம்பைலர் தன் புதிய பதிப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஊரிலுள்ள பாட்டனாருக்கு, அவர் அறிந்த இலக்கணத்தில் அவர் அறியாத சொற்களைப் பெய்து மடல் வரைவது போன்றது இது.

'பைட்பஃபர்' என்பதன் 'ஃபிளிப்' என்னும் செயல், ஜாவா 8-இல் பொதுவான 'பஃபர்' வகையைத் தரும். 2017-இல் வந்த ஜாவா 9-இல் அது 'பைட்பஃபர்' வகையையே தருமாறு திருத்தப்பட்டது. கிளாஸ் கோப்போ, செயலின் பெயரோடு அது தரும் வகையையும் குறித்துவைக்கிறது. ஆகவே புதிய கருவியில் உருவான நிரல் பழைய ஜாவாவில் நன்றாகவே தொடங்கும். ஃபிளிப்பை அழைக்கும் இடத்தில், அத்தகைய செயல் இல்லையென்று நின்றுவிடும். எழுதியவர் ஓரெழுத்தும் பிழைபட எழுதவில்லை. ஆயினும் அலுவலகத்தில் வரிசையில் நிற்பவர் காத்திருக்க நேர்கிறது.

இதற்கு மருந்தாக ஜாவா 9-உடன் 'ரிலீஸ்' என்னும் கட்டளை வந்தது. அது இலக்கணம், எண், நூலகம் மூன்றையும் ஒருங்கே பழைய பதிப்புக்கு இசைவிக்கும். ஃபிளிப்பையும் பழைய வடிவிலேயே பதியும். எனினும் அது செயல்களின் வடிவத்தைக் காக்குமேயன்றி நடத்தைக்குப் பிணை நில்லாது. பிறர் தந்த நூலகங்களின் பதிப்பையும் நாமே ஆராய்தல் வேண்டும். ஆதலின், புதிய கருவியில் உருவாக்கியதைப் பழைய ஜாவாவிலேயே ஓட்டிச் சோதித்தல் இன்றியமையாதது.

பழமைக்கும் ஓர் எல்லை உண்டு. 2023-இல் வந்த ஜாவா 20-இன் கம்பைலர், ஜாவா 7-க்காக நிரல் உருவாக்குவதைக் கைவிட்டது. கைவிடும் நாளை முன்னரே அறிவித்து, அதுவரை கொடுத்த வாக்கைக் காப்பதே இத்தொழிலின் அறம் எனக் கருதுகிறோம்.