கணக்கை ஊரே பார்க்கட்டும்!

(ஊராட்சிப் பொறுப்பாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)

தோழர்களே,

1994-ல் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன், அரசுப் பணிகளின் கணக்கை ஊர் நடுவே வாசிச்சுக் காட்டுச்சு. வேலை செஞ்ச சனங்களே "இது சரி, இது பொய்"னு சொன்னாங்க. 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம், தன் 17-ஆவது பிரிவில் சமூகத் தணிக்கையை கிராம சபைக்கே கொடுத்தது.

அதிகாரிகிட்ட பதிவேடு இருக்கு. எத்தனை நாள் வெட்டினோம், எவ்வளவு கூலி கைக்கு வந்ததுன்னு குளம் வெட்டின அக்காவுக்குத்தான் தெரியும். ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தாத்தான் உண்மை வெளியே வரும்.

அதிகாரியை மிரட்டாதீங்க. நம்ம கட்சிக்காரர் பேரு வந்தாலும் மறைக்காதீங்க. பதிவேட்டை முன்கூட்டியே கேட்டு வாங்கி, படிச்ச பிள்ளைகளோட வீடு வீடாப் போய்ச் சரிபாருங்க. சபையில சத்தமா வாசிங்க. கூலி விடுபட்டவங்க பேரைத் தீர்மானத்துல ஏத்துங்க.

உழைச்சவங்க கூலி ஒரு நாள்கூட விடுபடக் கூடாது!

#கிராமசபை #சமூகத்தணிக்கை