பித்தளைக் குழலுக்கு வீட்டில் ஓர் இடம்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நாம் மெட்ரிகுலேஷன் வரையே படித்தவர். பார்சல் ரசீதும் பதிவேடுமே எமக்குப் பழக்கமானவை. இசையைப் பற்றிப் பேசும் தகுதி எமக்கு இல்லை. ஆயினும், ஊதுகருவி ஒன்றை வீட்டில் எங்கே வைத்துத் துடைப்பது என்பதில் நாம் பட்டு அறிந்ததைக் கூறுமாறு செயலாளர் பணித்தமையால் உங்கள்முன் நிற்கின்றோம்.

உலோகக் குழல் நமக்குப் புதிதன்று. இந்நாட்டுப் பஞ்சவாத்தியத்தில் திமிலை, மத்தளம், இடக்கை, இலத்தாளம், கொம்பு என்னும் ஐந்தனுள் பின்னிரண்டும் உலோகத்தால் ஆனவையே. மேனாட்டு பாண்டு இசையும் தமிழர்க்கு நெடுநாள் அறிமுகம். தஞ்சையில் 1798 முதல் 1832 வரை அரசாண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் மேனாட்டு வாத்தியங்கள் கொண்ட பாண்டு ஒன்றை வைத்திருந்தார். சென்னைக் கோட்டையின் ஆங்கில மெட்டுக்களுக்கு முத்துசுவாமி தீட்சிதர் வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். ஆகவே, நம் பிள்ளைகள் டிரம்பெட் ஊதுவதைக் கண்டு எவரும் வியப்புறுதல் வேண்டா.

எம் மகனும் பள்ளி பாண்டுக் குழுவில் சேர்ந்தான். வீட்டிற்கு எடுத்துச் சென்று பழகுமாறு ஒரு டிரம்பெட்டைப் பள்ளியில் கொடுத்தனுப்பினர். எமது குவார்ட்டர்ஸ் எத்தகையது என்பதை நீங்கள் அறிவீர்கள்: இரண்டு அறை, ஓர் அடுக்களை, பின்புறம் ஒரு சிறு தாழ்வாரம். முதல் நாளே அவன் குழலைக் கழுவ அடுக்களைத் தொட்டிக்குச் சென்றான். எம் அன்னையார் வழி மறித்தார். "ஏண்டா, வாயில வச்சு ஊதின எச்சிலை அரிசி களையற இடத்திலயா கழுவறது?" என்றார். அன்னையின் சொல்லை நாம் மறுக்கவில்லை. பிள்ளைக்கு வேறோர் இடம் காட்டவும் இல்லை. அவன் குளியலறையில் கழுவினான். ஈரம் உலராமலே பெட்டியில் இட்டான். பெட்டியைக் கழிவறை வாசலில் இருந்த பரணில் வைத்தான்.

சென்ற ஆண்டு ஐப்பசி மழை பெய்தது. பள்ளி விழா நாளன்று இரண்டாவது வால்வு இறங்கியது, இறங்கியது ஏறவில்லை. மற்றப் பிள்ளைகள் ஊத, எம் மகன் குழலை வாயில் வைத்தபடி ஒலியின்றி நின்றான். வீடு திரும்பியதும் அவனைக் கடிந்துகொண்டோம். அதனோடும் அமையவில்லை. பூசைக் குத்துவிளக்கு நினைவிற்கு வர, புளியும் சாம்பலும் கொண்டு குழலைத் தேய்த்தோம். லாக்கர் என்னும் மேற்பூச்சு திட்டுத் திட்டாகப் பெயர்ந்தது. இறுகிய சிறு குழாயொன்றைக் குறடு கொண்டு இழுக்க, அது நசுங்கியது. பழுது பார்க்கும் செலவை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி, ஆசிரியரிடம் தலைகுனிந்து நின்றோம். அவர் சினம் கொள்ளவில்லை. "சார், பிள்ளைக்கு ஊத இடம் கொடுத்தீர்கள், துடைக்க இடம் கொடுக்கவில்லையே" என்றார். அச்சொல் எம்மைச் சுட்டது. குற்றம் எம்முடையது, ஏச்சு வாங்கியவனோ சிறுவன். அன்றிரவே அவனிடம் அதை ஒப்புக்கொண்டோம்.

பின்னர் காரணங்களை விசாரித்து அறிந்தோம். செம்பும் துத்தநாகமும் கலந்ததே பித்தளை. மஞ்சள் பித்தளையில் செம்பு ஏறத்தாழ 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு. மூச்சின் ஈரம் குழலினுள் குளிர்ந்து நீராகின்றது. அதனுடன் சிறிது எச்சிலும் சேர்கின்றது. அந்நீர் நாட்கணக்கில் தங்கினால் துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் எஞ்சும். செந்நிறப் புள்ளி தோன்றும். ஆனியிலும் ஐப்பசியிலும் மழை பெறும் நம் ஊரில், கடற்காற்றும் வீசுவதால், இக்கேடு விரைந்து நேரும். வால்வுக்கும் அதன் உறைக்கும் இடையே தலைமயிர்ப் பருமன் கூட இடைவெளி இல்லை. சிறிது அழுக்கே அதைப் பிடித்துக்கொள்ளும்.

கழிவறை ஆகாது என்பதற்கு இந்திய வரலாற்றிலேயே சான்று உண்டு. பிரிட்டிஷ் இராணுவத்தார் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்தனர். மழை நின்றதும் எடுத்துப் பார்க்க, பித்தளை உறைகள் பல வெடித்திருந்தன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவும், உலோகத்தை இழுத்து வடித்தபோது அதனுள் தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என 1921-ல் ஆராய்ச்சியாளர் விளக்கினர். டிரம்பெட்டும் வடித்து வளைத்த பித்தளையே. எனவே கழிவறை, மாட்டுத் தொழுவம், அம்மோனியா கலந்த கழுவு திரவங்கள் ஆகியவற்றின் அண்மை அதற்கு ஒவ்வாது.

நிற்க. இடம் எது? எமக்கு வாய்த்தது பின்தாழ்வாரத்தின் ஒரு மூலை. அங்கே வெளிச்சம் உண்டு, காற்று உண்டு, சாரல் இல்லை. கீழே உருண்டு விழும் திருகும் வால்வும் கண்ணுக்குத் தெரியும். ஓர் அகன்ற பிளாஸ்டிக் தொட்டி, அது குழலுக்கே உரியது, வேறெதற்கும் எடுப்பதில்லை. தொட்டியின் அடியில் பழந்துணி விரிக்க வேண்டும். இல்லையேல் குழல் மோதி நெளியும். கழற்றிய உறுப்புக்களை வைக்க அருகே ஒரு வெள்ளைத் துணி.

மாதம் ஒரு முறை வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போதும். கொதிநீர் ஆகாது, அது லாக்கரைப் பெயர்க்கும். இழுகுழாய்களையும் வால்வுகளையும் கழற்றி, நீண்ட வளைதூரிகையால் உட்புறம் துலக்கி, நன்கு அலசி, துடைத்து, நிழலில் உலர்த்துக. வால்வின் மேலுள்ள கம்பளித் துணியை நனைக்காதீர். உலர்ந்தபின் இழுகுழாய்க்குக் கிரீசும், வால்வுக்கு அதற்கென விற்கும் எண்ணெயும் இடுக. தேங்காய் எண்ணெய் கெட்டிப்படும். ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிட்ட வால்வுகள் தத்தம் உறையிலேயே செல்ல வேண்டும். மாறிச் சென்றால் குழல் ஊதாது. நாள்தோறும் ஊதி முடித்ததும் நீரை வடித்துத் துடைத்தபின்பே பெட்டியில் இடுக. இறுகியதைக் குறடால் இழுக்காதீர். பழுது பார்ப்பவரிடம் கொடுப்பீர். புளியும் சாம்பலும் குத்துவிளக்கோடு நிற்கட்டும்.

தனித் தொட்டி வந்ததும் எம் அன்னையாரின் மறுப்பு நீங்கிற்று. தம் பழைய நூற்சேலை ஒன்றைத் தாமே கிழித்துத் துண்டுகளாக்கி, "இது மெத்துன்னு இருக்கும்டா, இதால தொடை" என்று பேரனிடம் கொடுத்தார். அவன் வாய் திறந்து சொல்லாத மனக்குறையை அவர் எம்மினும் முன்னரே அறிந்திருந்தார் போலும்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். காலனியில் தாழ்வாரமும் இல்லாத வீடுகள் உள. சங்கக் கட்டடத்தின் பின்புறம் ஒரு மூலையும், ஒரு குழாயும், ஒரு பூட்டுள்ள அலமாரியும் ஒதுக்கினால், இசை பயிலும் பிள்ளைகள் அனைவரும் பயன் பெறுவர். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் உடனிருந்து மேற்பார்க்க நாம் ஆயத்தமாக உள்ளோம். பதிவேடும் நாமே எழுதுவோம். அதுவே எமக்குத் தெரிந்த தொழில்.