ரிசல்ட் வரும் வாரத்தில் நம் வீடுகள்

(சங்கத்தின் ஏப்ரல் மாதக் கூட்டத்தில் பேசியது. செயலாளர் கேட்டுக்கொண்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)

தண்ணீர் லாரி பிரச்சினை, லிஃப்ட் ஒப்பந்தம் இரண்டும் முடிந்த பிறகு பத்து நிமிடம் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை, பாங்கில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ரிசல்ட் சமயத்தில் நம் வளாகத்தில் நடப்பதைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருப்பதால் பேச வந்தேன்.

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட். அதை அடுத்துப் பத்தாம் வகுப்பு. நம் மூன்று பிளாக்கிலும் சேர்த்துப் பதினான்கு பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள் என்று பொருளாளர் அம்மா கணக்குச் சொன்னார்.

முன்பெல்லாம் ரிசல்ட் அன்று டி.வி. போட்டால் என்ன வரும் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மாநிலத்தில் முதலிடம், இரண்டாம் இடம், மூன்றாம் இடம். அம்மா வாயில் லட்டு ஊட்டுவது போல ஒரு போட்டோ. மறுநாள் பேப்பரிலும் அதே போட்டோ. 2017-ல் தமிழக அரசு இதை நிறுத்தியது. பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் இனி ரேங்க் அறிவிப்பு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் மனசில் ஏறும் பாரத்தைக் குறைக்கத்தான் அப்படிச் செய்தார்கள். இப்போது மார்க் அவரவர் கைபேசிக்கு வந்துவிடுகிறது, பக்கத்து வீட்டுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

அரசு எடுத்துவிட்ட ரேங்க் லிஸ்ட்டை நம் வாட்ஸ்அப் குரூப் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறது. போன வருடம் ரிசல்ட் வந்து ஒரு மணி நேரத்துக்குள் மூன்று பிள்ளைகளின் மார்க் போட்டோவோடு வந்தது. கீழே நாற்பது பேர் கைதட்டல், மாலை, லட்டு படம். நல்ல மனசோடுதான் போட்டார்கள், அந்தப் பிள்ளைகளும் உழைத்துத்தான் வாங்கினார்கள். ஆனால் அடுத்த கேள்வி உடனே வந்தது: “மற்ற பசங்க மார்க் என்ன? யாரும் போடலையே?” அந்த வரியைப் படித்த ஒரு வீட்டில் இரண்டு நாள் கதவு திறக்கவில்லை. அந்தப் பையன் ஒரு மாதத்துக்கு மேல் கிரிக்கெட் ஆடக் கீழே இறங்கவில்லை. அவன் ஃபெயில்கூட இல்லை, எதிர்பார்த்ததைவிடக் குறைவு, அவ்வளவுதான்.

ஃபெயில் ஆனால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் காலத்தில் மார்ச்சில் போனால் செப்டம்பர், அக்டோபரில்தான் மறுபடி எழுத வேண்டும். அதற்குள் காலேஜ் அட்மிஷன் முடிந்து ஒரு வருடம் போய்விடும். இப்போது ரிசல்ட் வந்த சில வாரங்களிலேயே துணைத் தேர்வு. பாஸானால் அதே வருடம் காலேஜில் சேரலாம். இது சும்மா வந்த சலுகை இல்லை. தேர்வில் தோற்ற பிள்ளைகள் உயிரை விட்ட செய்தி வருடா வருடம் வந்துகொண்டிருந்தது. தற்கொலைத் தடுப்புக்காக டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் தொடங்கிய ஸ்நேகா போன்றவர்கள் வலியுறுத்தித்தான் இந்த மாதிரி மாற்றங்கள் வந்தன. ஒரு பிள்ளை தன் வாழ்க்கையே போய்விட்டது என்று நினைக்கும் அந்த நேரத்தில், ஜூன், ஜூலையில் இன்னொரு தேர்வு இருக்கிறது என்று சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டும். நாம் அப்போது சொந்தக்காரர்களுக்கு போன் பண்ணிக்கொண்டிருந்தால் யார் சொல்வது?

மார்க் குறைந்தால் காரணத்தைத் தேட வேண்டாமா என்று கேட்பீர்கள். அவசியம் தேட வேண்டும். எனக்குத் தெரிந்த தொழிலிலிருந்து சொல்கிறேன். பாங்கில் கம்ப்யூட்டர் வருவதற்கு முன் சாயங்காலம் கணக்கு டேலி ஆகவில்லை என்றால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. வித்தியாசம் 63 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 9-ஆல் வகுத்துப் பார்ப்போம். மீதி இல்லாமல் வகுபட்டால் யாரோ 81-ஐ 18 என்று மாற்றி எழுதியிருக்கலாம். இரட்டை எண் என்றால் அதில் பாதித் தொகையைத் தேடுவோம், பற்றில் போட வேண்டியதை வரவில் போட்டிருக்கலாம். ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் ஒரு முகம் உண்டு. எந்த மேனேஜரும் கேஷியரைப் பார்த்து, “பக்கத்து பிராஞ்சில் டேலி ஆகிவிட்டது, உனக்கு மட்டும் ஏன் ஆகலை” என்று கத்தி வித்தியாசத்தைக் கண்டுபிடித்ததில்லை. கத்தினால் எண்ணிக்கொண்டிருப்பவன் கை இன்னும் நடுங்கும்.

எண்பது வாங்கிக்கொண்டிருந்த பிள்ளை ஐம்பதுக்கு இறங்கினால் சோம்பேறி என்று முடிவு கட்டாதீர்கள். போர்டு சரியாகத் தெரிகிறதா? கண்ணாடி தேவையோ என்னவோ. தமிழ் மீடியத்திலிருந்து இங்கிலீஷ் மீடியம் மாறிய வருடமா? வகுப்பில் யாராவது கேலி செய்கிறார்களா? ராத்திரி இரண்டு மணி வரை போனா? வீட்டில் நாம் போடும் சண்டை சுவரைத் தாண்டிக் கேட்கிறதா? கடைசிக் கேள்வியை நாம் கேட்டுக்கொள்வதே இல்லை. நம் பிளாக்குகளில் சுவர் எவ்வளவு மெல்லியது என்று எல்லோருக்கும் தெரியும்.

நம் பகுதியில் இன்னொரு சங்கடம் ஷிப்ட் வேலை. மணலி, எண்ணூர், துறைமுகம் என்று போகிறவர்கள் ஜி.என்.டி. ரோட்டு லாரிகளுக்கு நடுவே வீடு வந்து சேரும்போது பிள்ளை பாதித் தூக்கத்தில் இருக்கும். அப்போது அப்பா கேட்கும் ஒரே கேள்வி, “படிச்சியா?” நாள் முழுக்க அப்பாவிடமிருந்து கிடைத்த ஒரே வார்த்தை அதுதான் என்றால் பிள்ளை என்ன நினைக்கும்? “சாப்பிட்டியா”, “இன்னிக்கு யாரோட பேசினே” என்று கேட்டுப் பாருங்கள். முதல் வாரம் “ம்” என்றுதான் பதில் வரும். விடாமல் கேளுங்கள்.

என் வயதுக்காரர்களுக்கும் சொல்ல வேண்டும். “உங்க சித்தப்பா தெருவிளக்கில் படிச்சார்” கதையை இந்த ஒரு மாதம் நிறுத்தி வைப்போம்.

சில விஷயங்களைப் பார்த்தால் காத்திருக்கக் கூடாது. இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை, அல்லது தூக்கத்தைவிட்டு எழவே இல்லை. பிடித்த சாப்பாடே இறங்கவில்லை. ஆசையாக வைத்திருந்த பொருளை நண்பனுக்குக் கொடுத்துவிடுகிறது. “நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி” என்கிறது. இதை வெறும் பேச்சு என்று தள்ளாதீர்கள். “செத்துப் போகணும்னு தோணுதாப்பா?” என்று பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்பது நம் பயம்தான், மனநல மருத்துவர்கள் கேட்கத்தான் சொல்கிறார்கள். ஆமாம் என்றால் திட்டாமல், தனியாக விடாமல் உதவி தேட வேண்டும்.

உதவி என்றதும் நமக்கு ஒரு தயக்கம். “கீழ்ப்பாக்கம்” என்று சொன்னாலே சினிமா காமெடி ஞாபகம் வருகிறது. நமக்கு இது புரிய வேண்டும். 2006-ல் ஜெயில் இங்கே வந்ததிலிருந்து, புழலில் இருக்கேன் என்றால் “உள்ளேயா வெளியேயா” என்று கேட்டுச் சிரிக்காத சொந்தக்காரர் உண்டா? ஊர்ப் பெயரை வைத்துக் கேலி செய்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்த நாமே கீழ்ப்பாக்கத்தைக் கேலி செய்யலாமா? 1794-ல் தொடங்கிய மருத்துவமனை அது. தலைமை வகித்தவர்களில் ஒருவர், நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் சாரதா மேனன். பின்னாளில் 1984-ல் அவர் தொடங்கிய ஸ்கார்ஃப் அண்ணா நகரில் இருக்கிறது. வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு உண்டு. பல்வலிக்குப் போவது போலப் போய்விட்டு வரலாம்.

நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416. 2022 அக்டோபரில் வந்த டெலி மானஸ் எண். இலவசம், இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசுவார்கள். ஸ்நேகாவின் எண் 044-24640050. பிள்ளைதான் பேச வேண்டும் என்றில்லை, என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கும் அப்பா அம்மாவும் பேசலாம்.

சங்கத்திடம் என் வேண்டுகோள் இதுதான். மே முதல் தேதியிலிருந்து ஜூன் கடைசி வரை குரூப்பில் யாருடைய மார்க்கும் வேண்டாம். நல்ல மார்க் வாங்கிய வீட்டுக்கு நேரில் போய் இனிப்பு சாப்பிடுவோம், எனக்குச் சர்க்கரை இருந்தாலும் நானும் வருகிறேன். மற்ற வீட்டுக்கும் வழக்கம் போலப் போவோம், மார்க்கைப் பற்றிக் கேட்காமல். இதைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ளத் தலைவர் சம்மதித்திருக்கிறார், இப்போது கை தூக்கினால் போதும். இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் அடித்துச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில், மெயின்டெனன்ஸ் பாக்கி லிஸ்ட்டுக்கு மேலே ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.