சயாம் ரயில் பாதையும் பின்வந்தோர் கணக்கும்

ஒரு நாட்டின் படை போர்க்காலத்தில் செய்த கொடுமைக்கு, அன்று பிறந்தேயிராத தலைமுறை பழி சுமக்க வேண்டுமா என்பது இக்கருத்தரங்கு எடுத்துக்கொண்ட கேள்வி. இதைப் பொதுப்படையாகப் பேசினால் எல்லோரும் விரைவில் உடன்பட்டு எழுந்துபோய்விடலாம். தாத்தா செய்ததற்குப் பேரனைத் தண்டிக்கக் கூடாது என்பதில் யாருக்கு மாறுபாடு? ஒரு வழக்கைக் கையில் எடுத்தால்தான் அந்த உடன்பாடு எந்த இடத்தில் விரிசல் விடுகிறது என்று தெரியும். ஆகவே ஒரே ஒரு வழக்கை வைத்துப் பேச விரும்புகிறேன்: இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை போட்ட சயாம்–பர்மா ரயில் பாதை. மலாயாத் தமிழர் ஆயிரக்கணக்கில் மாண்ட இடம் என்பது ஒரு காரணம். போருக்குப் பிறகு யாருடைய கணக்கு தீர்க்கப்பட்டது, யாருடையது எழுதப்படாமலே விடப்பட்டது என்பதை அந்தப் பாதை தெளிவாகக் காட்டுகிறது என்பது இன்னொரு காரணம்.

பர்மாவில் நின்ற படைக்கு மலாக்கா நீரிணை வழியே சரக்கு அனுப்புவது எதிரியின் நீர்மூழ்கிகளால் ஆபத்தாகிவிட்டது. எனவே தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை, காடும் மலையும் ஊடாக, 415 கிலோமீட்டர் பாதை போட 1942-இல் முடிவானது. 1943 அக்டோபரில் வேலை முடிந்தது. நேச நாட்டுப் போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல் இதில் உழைத்தார்கள்; 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களோ சுமார் இரண்டு லட்சம் பேர் அல்லது அதற்கும் கூடுதல். பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர், தமிழர் எனப் பலரும் அதில் இருந்தனர். ரப்பர் ஏற்றுமதி நின்றுபோய் வேலையிழந்து கிடந்த பால்மரத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை முதலில் சம்பள ஆசை காட்டியும், பிறகு வளைத்துப் பிடித்தும் கொண்டுபோனார்கள். 1943 மழைக்காலத்துக் காலராவில் முகாம் முகாமாக மனிதர் அழிந்தார்கள். இறந்த ஆசியர் 90,000 அளவில் இருக்கலாம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இது மதிப்பீடுதான். கைதிகளின் முகாமில் படை அதிகாரிகள் இருந்தனர், மருத்துவர்கள் இருந்தனர், ஒளித்துவைத்தாவது காக்கப்பட்ட பெயர்ப் பட்டியல் இருந்தது. தோட்ட லயத்திலிருந்து குடும்பத்தோடு ஏற்றப்பட்டவனுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 வீரர்களின் கல்லறைகள் வரிசை பிசகாமல் பராமரிக்கப்படுகின்றன. தோட்டத் தொழிலாளர் புதைந்த குழிகளுக்கு அப்படியொரு வரிசை கிடையாது.

இதற்கு யார் குற்றவாளி? கட்டளையிட்டவர், நிறைவேற்றியவர், தெரிந்தும் வாய் மூடிய அதிகாரி. அவர்களில் சிலரை நேச நாடுகளின் நீதிமன்றங்கள் விசாரித்துத் தண்டித்தன, பலர் தப்பினர், இன்று அநேகமாக யாரும் உயிரோடு இல்லை. அந்தக் குற்றம் அவர்களோடு முடிந்துவிட்டது என்பதுதான் என் முதல் நிலைப்பாடு. இன்று ஒசாக்காவில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் மேல் அதில் ஒரு துளியும் இல்லை. 1946-இல் ஜெர்மனியின் குற்றத்தைப் பற்றி நூல் எழுதிய தத்துவ அறிஞர் கார்ல் யாஸ்பர்ஸ், நீதிமன்றம் விசாரிக்கும் குற்றத்தையும் ஓர் அரசின் குடிமக்கள் சுமக்கும் அரசியல் பொறுப்பையும் தனித்தனியாகப் பிரித்தார். அவர் நான்கு வகை சொன்னார். நமக்கு இப்போது இந்த இரண்டு போதும். நம் நாட்டு மரபுக்கும் இந்தப் பிரிவினை புதிதல்ல. மிதாட்சர வழியில் வந்த இந்துச் சட்டம், தகப்பன் பட்ட கடனை மகன் அடைக்க வேண்டும் என்றது. ஆனால் தகப்பன் கட்ட வேண்டிய தண்டத்தையும் தகாத வழியில் பட்ட கடனையும் மகன் தலையில் சுமத்தவில்லை. மகனை வெறும் மகன் என்பதற்காகவே கடனாளியாக்கிய அந்த விதியை 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் கைவிட்டது. ஆயினும் சொத்தை எடுத்துக்கொண்டவன், எடுத்துக்கொண்ட அளவுக்குக் கடனுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பது மாறவில்லை. என் வாதம் முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. தண்டனை ரத்தத்தின் வழியே இறங்காது. கடன் சொத்தின் வழியே இறங்கும். அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அந்தப் படையின் சொத்தை யார் எடுத்துக்கொண்டார்?

இதற்கு விடை ஜப்பானிய அரசின் சொந்த நடவடிக்கைகளிலேயே கிடைக்கிறது. போருக்குப் பிந்தைய நேச நாடுகளின் ஆக்கிரமிப்பு முடிந்ததும், 1953-இல், பழைய ஏகாதிபத்தியப் படையினருக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் உரிய ஓய்வூதியத்தை அரசு மீண்டும் கொடுக்கத் தொடங்கியது. அந்தப் படையில் செய்த சேவை இந்த அரசுக்குச் செய்த சேவையே என்று ஒப்புக்கொள்ளாமல் அந்தப் பணத்தைக் கொடுக்க முடியாது. இதைவிடத் துல்லியமான சான்று கொரியக் காவலர்களின் கதை. கைதி முகாம்களைக் காவல் காக்க, குடியேற்ற நாடாயிருந்த கொரியாவிலிருந்து இளைஞர்களை ஜப்பான் கொண்டுபோனது. போருக்குப் பின் 148 கொரியர்கள் போர்க் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டார்கள்; 23 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். 1952-இல் சான் பிரான்சிஸ்கோ சமாதான உடன்படிக்கை நடைமுறைக்கு வந்ததும் கொரியர் அனைவரும் ஜப்பானியக் குடியுரிமை இழந்தனர். அப்படியானால் எங்களை விடுவியுங்கள் என்று சுகாமோ சிறையில் இருந்த கொரியர்கள் நீதிமன்றம் போனார்கள். தீர்ப்பின்போது நீங்கள் ஜப்பானியர்கள், ஆகவே தண்டனை தொடரும் என்றது உச்ச நீதிமன்றம். ஓய்வூதியமும் உதவித்தொகையும் கேட்டபோது, இப்போது நீங்கள் ஜப்பானியர் அல்லர் என்றது சட்டம். ஒரே மனிதன், ஒரே அரசு. தண்டனை அனுபவிக்க ஜப்பானியன், பணம் வாங்க அந்நியன். தொடர்ச்சி என்பதை ஓர் அரசு தனக்கு வேண்டியபோது எடுத்து, வேண்டாதபோது வைத்துவிடுகிறது என்பதற்கு இதைவிட என்ன காட்ட வேண்டும்?

அரசை விட்டுவிட்டுச் சமூகத்தைப் பார்ப்போம். சயாம்–பர்மா பாதையின் திறப்பு விழாவில் ஓடிய சி56 வகை நீராவி எஞ்சின் ஒன்று 1979-இல் தாய்லாந்திலிருந்து ஜப்பானுக்கு மீட்டுவரப்பட்டது. இன்று அது டோக்கியோவின் யாசுகுனி ஆலயத்தைச் சேர்ந்த யூஷூகன் அருங்காட்சியகத்தில், ஜீரோ போர் விமானம் நிற்கும் அதே கூடத்தில் பார்வைக்கு நிற்கிறது. யாசுகுனி அரசு நிறுவனம் அல்ல. அதைச் சாட்டி நாட்டையே குற்றம் சொல்வது நேர்மை ஆகாது. ஆனால் அந்த எஞ்சினை நிறுத்திவைத்தவர்கள், தாங்கள் செய்யாத ஒரு வேலையின் பெருமையைத் தங்களுடையது என்று ஏற்றுக்கொண்டவர்கள். பெருமை இறங்கிவரும் வழியில் பொறுப்பு மட்டும் எப்படி நின்றுபோகும்?

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பை வலுவாகச் சொன்னவர் அன்றைய ஜப்பானியப் பிரதமர் ஷின்சோ அபே. 2015 ஆகஸ்டில், போர் முடிந்த 70-ஆம் ஆண்டு அறிக்கையில், மக்கள் தொகையில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் போருக்குப் பின் பிறந்தவர்கள்; அந்தப் போரோடு தொடர்பே இல்லாத பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கும் நிலைக்கு ஆளாகக் கூடாது என்றார். வரலாற்றைத் தலைமுறை கடந்தும் நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்று அடுத்தபடியே சொன்னார். அதை அவருடைய ஆதரவாளர்களும் எதிரிகளும் ஒருசேர விட்டுவிடுவது வழக்கம். 1985 மே 8 அன்று மேற்கு ஜெர்மனியின் அதிபர் வைட்சேக்கர் பேசியதும் கிட்டத்தட்ட இதுவே: அன்று குழந்தையாக இருந்தவரும் பிறக்காதவரும் தாங்கள் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ள முடியாது, ஆனால் முன்னோர் விட்டுப்போன பாரம் அவர்களிடம் இருக்கிறது. சொல்லில் இருவருக்கும் அதிக தூரம் இல்லை. வேறுபாடு கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் ஜெர்மனி, நாஜி ஆட்சியில் கட்டாய உழைப்புக்கு ஆளானவர்களுக்காக 1,000 கோடி மார்க் கொண்ட அறக்கட்டளை ஒன்றை அமைத்தது. பாதி அரசுப் பணம், பாதி தொழில் நிறுவனங்களின் பணம். போருக்குப் பின் தொடங்கப்பட்ட நிறுவனங்களும் அதில் பங்களித்தன. 2007-க்குள் 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. ஜெர்மனி புனிதமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க நீதிமன்றங்களில் குவிந்த வழக்குகள்தான் அந்தக் கதவைத் தட்டின. சோவியத் போர்க் கைதிகளை அந்த அறக்கட்டளை சேர்த்துக்கொள்ளவும் இல்லை. நான் காட்டுவது ஒன்றைத்தான்: பணம் கட்டியவர்களில் பெரும்பாலோர் குற்றம் செய்தவர் அல்லர், யாரும் அவர்களைக் குற்றவாளி என்று சொல்லவும் இல்லை. குற்றமில்லாமலே கடன் தீர்க்க முடியும்.

இரண்டாவது மறுப்பு சட்டத்திலிருந்து வருகிறது. எல்லாம் ஒப்பந்தங்களால் தீர்ந்துவிட்டது என்பார்கள். 1951-இல் சான் பிரான்சிஸ்கோ, 1965-இல் தென் கொரியா, 1967-இல் மலேசியாவும் சிங்கப்பூரும். மலேசியாவுடன் செய்த உடன்பாட்டின்படி 2.5 கோடி மலேசிய டாலர் மதிப்புள்ள பொருளும் சேவையும் தரப்பட்டன. சரக்குக் கப்பல்களாக அது வந்து சேர்ந்தது. அரசுகளுக்கிடையே கைச்சாத்தானதை அரசுகள் மதிக்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் தோட்டத் தொழிலாளிக்காக உட்கார்ந்தது யார்? அவன் கடத்தப்பட்டபோது பிரிட்டிஷ் மகுடத்தின் நிழலில் இருந்தவன். பிரிட்டன் பேசியபோது தன் படைவீரர்களுக்காகப் பேசியது. பிறந்த மண் இந்தியா. இந்தியா 1952-இல் ஜப்பானுடன் தனி உடன்படிக்கை செய்து இழப்பீட்டுக் கோரிக்கைகளைத் தானே துறந்தது. மலேசியா கேட்டது பெரும்பாலும், ஜப்பானியப் படையின் படுகொலைக்கு ஆளான சீனச் சமூகத்தின் கோரிக்கையின் உந்துதலால். இத்தனை அரசுகளுக்கும் உரியவனாக இருந்தவன், எந்த அரசின் கோப்பிலும் இடம்பெறவில்லை. ஒருவனுடைய கோரிக்கையை எழுப்பாமலே அதைத் தீர்த்துவிட்டோம் என்று சொல்வதில் சட்டம் இருக்கலாம்; கடன் அடைந்தது என்று ஆகாது. இங்கே பொறுப்பு ஜப்பானோடு நிற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். போருக்குப் பின் தன் எல்லைக்குள் இருந்த பாதையைத் தாய்லாந்து பிரிட்டனிடமிருந்து 12.5 லட்சம் பவுன் கொடுத்து வாங்கியது. அதில் ஒரு பகுதியில், நாம் டோக் வரை, இன்றும் ரயில் ஓடுகிறது.

எவ்வளவு தூரம் பின்னால் போவது என்பது மூன்றாவது மறுப்பு. எனக்குக் கடினமாகத் தெரிவதும் அதுதான். 1904-இல் இன்றைய நமீபியாவில் ஹெரேரோ மக்களை அழிக்க ஜெர்மன் தளபதி ஃபான் ட்ரோத்தா ஆணையிட்டார். 2021-இல் ஜெர்மனி அதை இன அழிப்பு என ஏற்று, முப்பது ஆண்டுகளில் 110 கோடி யூரோ தருவதாகச் சொன்னது. அன்றைய மனிதர் இரு பக்கத்திலும் ஒருவரும் இல்லை. அப்படியானால் ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்புக்கும் யாராவது கணக்குக் கேட்கலாமா? கேட்க முடியாது. கடனாளியான அரசும் இல்லை, கடன் கொடுத்தவர் என்று அடையாளம் காணத்தக்க சமூகமும் இல்லை. வருடத்தின் எண்ணிக்கையைவிட இந்த இரண்டின் தொடர்ச்சியே அளவுகோல் என்பது என் கருத்து. ஆனால் கடாரம் கொண்டான் என்று மேடையில் மார்தட்டுகிற நாம், அந்தப் படையெடுப்பில் கடாரத்து மக்களுக்கு என்ன நேர்ந்தது என்று ஒரு வரி கேட்பதில்லை. யூஷூகனின் எஞ்சினைப் பார்த்து முகம் சுளிக்கும் முன் இதையும் நினைத்துக்கொள்வது நல்லது.

வென்றவர்களின் குற்றத்தை யார் விசாரித்தார் என்ற மறுப்புக்கு நம் நாட்டுப் பெயர் ஒன்று எப்போதும் துணைக்கு அழைக்கப்படும்: டோக்கியோ தீர்ப்பாயத்தில் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ராதாபினோத் பால். யாசுகுனியில் அவருக்கு நினைவுச் சின்னமே இருக்கிறது. அவர் அந்தத் தீர்ப்பாயத்தின் அதிகாரத்தையும் குற்றச்சாட்டின் சட்ட அடிப்படையையும் ஏற்கவில்லை. அணுகுண்டை ஏன் விசாரிக்கவில்லை என்றும் கேட்டார். சீனாவின் நாஞ்சிங்கில் ஜப்பானியப் படையின் கொடுமை நடக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. சான்றுகள் மிக வலுவானவை என்றே எழுதினார். வாஷிங்டனும் லண்டனும் கட்டாத கடனைக் காட்டி டோக்கியோ தன் கடனைத் தள்ளுபடி செய்துகொள்ள முடியாது.

கடைசியாக, பின்வந்த தலைமுறைக்குச் சொந்தமாகவே ஒரு குற்றம் உண்டாக முடியும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது 1943-இன் குற்றம் அல்ல. மறைப்பவர் மறைக்கும் நாளில் செய்யும் குற்றம். வரலாற்று ஆசிரியர் சபுரோ இயெநாகா, தன் பாடநூலில் கைவைத்த கல்வி அமைச்சகத்தின் மேல் 1965-இல் முதல் வழக்கைத் தொடுத்தார். 1997-இல் உச்ச நீதிமன்றம், உயிருள்ள மனிதர்மேல் சோதனை நடத்திய ஜப்பானியப் படையின் 731-ஆம் பிரிவைப் பற்றிய பகுதியை நீக்கச் சொன்னது சட்டவிரோதம் என்றது. அந்த முப்பத்திரண்டு ஆண்டுகளில் எதிரெதிரே நின்ற இரு தரப்பிலும் போருக்குப் பின் வளர்ந்த ஜப்பானியர்கள் இருந்தார்கள். ஒரு தலைமுறையை மொத்தமாகப் பழிப்பதும் மொத்தமாக விடுவிப்பதும் இந்த இரு தரப்பையும் ஒன்றாக்கிவிடும்.

சயாம் பாதையில் மாண்ட தொழிலாளர்களின் வாரிசுகள் யார் என்று இன்று கண்டுபிடிப்பது எளிதல்ல. பணத்தை யாரிடம் கொடுப்பது என்ற கேள்விக்கு என்னிடம் முழு விடை இல்லை. பெயர்களைத் தேடுவது அதற்கு முன்னே செய்யக்கூடியது. தோட்ட நிர்வாகங்களின் ஆள்பதிவுகள், பிரிட்டிஷ் ராணுவ ஆவணங்கள், ஜப்பானிய ரயில் படைப்பிரிவுகளின் குறிப்புகள் ஆகியவற்றில் எஞ்சியிருப்பதை ஒன்றுசேர்த்துப் பார்க்கும் செலவை டோக்கியோவும் லண்டனும் கோலாலம்பூரும் புதுடில்லியும் பங்கிட்டுக்கொள்ளலாம். அதற்கு யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டாக வேண்டும் என்பதில்லை. அந்தத் தேடலுக்கு எந்த ஆவணம் எங்கே இருக்கிறது, எது அழிந்தது, எதைத் திறக்க மறுக்கிறார்கள் என்பதைப் பற்றி இங்கே கூடியுள்ள ஆய்வாளர்கள் என்னைவிட அறிந்தவர்கள். அவர்கள் பேசுவதற்கு வழிவிட்டு, முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.